செவ்வாயில் புழுதி கிளம்பினால் பிச்சாட்டூர் மொட்டை மாடியிலிருந்து தெரியுமா?

2018 ஜூலை கடைசி வாரம். பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் தாண்டி பிச்சாட்டூரில் இருக்கும் நண்பன் வீட்டுக்கு நாங்கள் நான்கு பேர் காரில் போனோம். டிக்கியில் 8 அங்குலத் தொலைநோக்கி. பிச்சாட்டூர் ஆந்திரத்துக்குள் இருக்கிறது. 'ஆரணியாறு அணை இருக்கே, அந்த ஊர்' என்றால் திருவள்ளூர் பக்கத்துக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் திறந்தால் இங்கே ஊத்துக்கோட்டையில் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

நாங்கள் போனது செவ்வாய்க் கோளைப் பார்க்க. 2003-க்குப் பிறகு அது பூமிக்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. 5.76 கோடி கிலோமீட்டர். மேகம் விலகியதும் பார்த்தோம். ஏமாற்றம்தான். துருவத்தில் வெள்ளைப் பனி, நடுவில் கருந்திட்டுகள் என்று படங்களில் பார்த்தது எதுவும் இல்லை. ஆரஞ்சு மிட்டாய் மாதிரி ஒரு வட்டம், அவ்வளவுதான். ஃபோகஸை மாற்றினோம், ஐபீஸை மாற்றினோம். நண்பனின் அப்பா மேலே வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "கண்ணாடியில தூசி படிஞ்சிருக்கும்ப்பா. நல்லா தொடைச்சிட்டுப் பாருங்க."

தூசி இருந்தது உண்மைதான். ஆனால் எங்கள் கண்ணாடியில் இல்லை, செவ்வாயில்.

அந்த ஆண்டு என்ன நடந்தது?

2018 மே 30 அன்று, செவ்வாயைச் சுற்றிவரும் நாசாவின் எம்.ஆர்.ஓ. விண்கலம் ஒரு புழுதிப் புயலைக் கவனித்தது. ஜூன் 20-க்குள் அது கோள் முழுவதையும் போர்த்திவிட்டது. சரியாக மூன்று வாரம்.

நடுவில் மாட்டிக்கொண்டது ஆப்பர்சூனிட்டி ரோவர். 2004 முதல் சூரிய ஒளியில் ஓடிக்கொண்டிருந்த வண்டி. புயலுக்கு முன் அதற்கு ஒரு நாளைக்கு 645 வாட்-மணி மின்சாரம் கிடைத்தது. ஜூன் 10 அன்று கிடைத்தது 22 வாட்-மணி. உங்க வீட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பு இரண்டரை மணி நேரம் எரியும், அவ்வளவுதான். அன்றோடு தொடர்பு போனது. 2019 பிப்ரவரி 13 அன்று நாசா அதன் பயணம் முடிந்ததாக அறிவித்தது.

'தி மார்ஷியன்' படம் பார்த்தவர்கள் ராக்கெட்டையே சாய்க்கும் சூறாவளியைக் கற்பனை செய்வீர்கள். செவ்வாயில் காற்று அப்படி அடிக்காது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்டும்தான், ஆனால் அங்கே வளிமண்டலத்தின் அடர்த்தி நம்முடையதில் சுமார் ஒரு சதவீதம். முகத்தில் தென்றல் பட்ட மாதிரிதான் இருக்கும். பிரச்சினை விசை இல்லை, தூசி. மாவு போன்ற துகள்கள் மேலே போனால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இறங்காது. வெயிலில் தூசி சூடாகும், சூடான காற்று எழும்பும், அது இன்னும் தூசியைக் கிளப்பும்.

கோள் முழுக்கப் பரவும் புயல் சராசரியாக மூன்று செவ்வாய் ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் என்கிறது நாசா. நம் கணக்கில் ஐந்தரை ஆண்டு. சராசரியை நம்பி இருந்துவிடாதீர்கள். இந்த நூற்றாண்டில் 2001, 2007, 2018 என்று வந்திருக்கிறது. முதல் இடைவெளி 6 ஆண்டு, அடுத்தது 11. எந்தச் சின்னப் புயல் பெரிதாகும், எது அடங்கிப்போகும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்னும் வழி இல்லை. அதனால்தான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

அங்கேயே விண்கலம் சுற்றும்போது மொட்டை மாடி எதற்கு?

நியாயமான கேள்வி. எம்.ஆர்.ஓ.வின் வானிலைக் கேமரா தினமும் செவ்வாயின் உலகப் படம் ஒன்றை எடுக்கிறது. ஆனால் அதன் பாதை எப்படி அமைந்திருக்கிறது என்றால், ஒவ்வொரு இடத்தையும் ஏறத்தாழ அந்த இடத்தின் பிற்பகல் 3 மணிக்குத்தான் பார்க்கும். காலை 7 மணிக்கு அங்கே என்ன நடக்கிறது? பூமியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே வட்டத்தில் காலையும் நண்பகலும் மாலையும் தெரியும்.

இது வெறும் தியரி இல்லை. 2012 மார்ச்சில் செவ்வாயின் விடியல் ஓரத்தில் ஒரு கொம்பு மாதிரி ஏதோ துருத்திக்கொண்டிருப்பதை அமெச்சூர் வானியலாளர்கள் படம் பிடித்தார்கள். கணக்கிட்டுப் பார்த்தால் அது 200 முதல் 250 கி.மீ. உயரத்தில் இருந்தது. அவ்வளவு மேலே மேகமோ தூசியோ இருக்கக் கூடாது என்பதுதான் அதுவரை இருந்த எண்ணம். வீட்டுத் தொலைநோக்கிகளில் எடுத்த அந்தப் படங்களை வைத்து எழுதிய ஆய்வு 2015-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. வியாழனிலும் இப்படி நடந்திருக்கிறது. 2009 ஜூலை 19 அன்று வியாழன் மேல் ஏதோ மோதிய கரும்புள்ளியை முதலில் பார்த்தவர் ஆஸ்திரேலியாவின் ஆண்டனி வெஸ்லி. வேலை, சாஃப்ட்வேர் எழுதுவது. 2006-இல் வியாழனின் ஒரு வெள்ளைப் புயல் சிவப்பாக மாறியதைக் கண்டுபிடித்தவர் பிலிப்பைன்ஸின் கிறிஸ்டோபர் கோ.

இன்னும் பின்னால் போனால் 1971. நாசாவின் மரைனர் 9 வழியில் இருக்கும்போதே, செப்டம்பர் 22 அன்று செவ்வாயில் ஒரு மஞ்சள் மேகம் கிளம்பியது பூமியிலிருந்த தொலைநோக்கிகளில் தெரிந்துவிட்டது. நவம்பர் 14-இல் மரைனர் போய்ச் சேர்ந்தபோது தென்துருவப் பனியும் நான்கு கரும்புள்ளிகளும் தவிர எதுவும் தெரியவில்லை. அந்தப் புள்ளிகள் புழுதிக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்த எரிமலைகள் என்பது பிறகுதான் புரிந்தது. மரைனருக்குப் புது உத்தரவு அனுப்பிக் காத்திருக்கச் சொல்ல முடிந்தது. அது காத்திருந்து வேலையை முடித்தது. பின்னாலேயே வந்த சோவியத் கலங்களுக்கு அந்த வசதி இல்லை. மார்ஸ் 2 தரையிறங்கி மோதி உடைந்தது. மார்ஸ் 3 இறங்கியது, சில நொடிகள் சமிக்ஞை அனுப்பியது, நின்றுபோனது.

பிச்சாட்டூருக்கு என்ன சிறப்பு?

இந்தப் பகுதியை எழுதத்தான் எனக்கு ஆசை, ஏனென்றால் எளிய கூட்டல் கழித்தல்தான்.

முதல் கணக்கு. 2018-இல் செவ்வாய் வானத்தின் தென்பாதியில், சுமார் 25.5 டிகிரி தெற்கே இருந்தது. பிச்சாட்டூர் இருப்பது வடக்கே 13.4 டிகிரியில். அதாவது செவ்வாய் அங்கே தொடுவானத்துக்கு மேல் 51 டிகிரி வரை ஏறியது. லண்டனில்? 13 டிகிரி. அங்கே தென்னந்தோப்பு இருந்திருந்தால் தோப்புக்குப் பின்னாலேயே போயிருக்கும். கோள் தாழ்ந்திருந்தால் அதன் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வர வேண்டும், படம் குழம்பும். பெரும் புழுதிப் புயல்கள் வருவது செவ்வாய் சூரியனுக்கு அருகில் இருக்கும் காலத்தில். அந்தக் காலத்தில் அது நம்மையும் நெருங்கினால், பெரும்பாலும் தெற்கு வானத்தில்தான் நிற்கும். ஆக, பெரிய அனுபவமும் நல்ல கருவிகளும் உள்ள ஐரோப்பியர்களுக்கு எப்போது சிரமமோ, அப்போது நமக்கு வசதி.

இரண்டாவது கணக்கு. செவ்வாய் தன்னைத்தானே சுற்ற 24 மணி 37 நிமிடம் எடுக்கிறது. நீங்கள் தினமும் ராத்திரி 11 மணிக்குப் பார்த்தால், ஏறக்குறைய நேற்றுப் பார்த்த முகமே தெரியும். 9 டிகிரி மட்டும் நகர்ந்திருக்கும். ஒரே மாடியிலிருந்து அதே நேரத்தில் பார்த்து முழுக் கோளையும் முடிக்க 40 நாள் ஆகும். 2018 புயல் உலகை மூடியதோ 21 நாளில். ஒரு ஆள், ஒரு ஊர் போதாது. தொடர் ஓட்டம் மாதிரி ஆஸ்திரேலியாவும் ஜப்பானும் விட்ட இடத்தில் யாரோ பிடித்து, ஐரோப்பா விழிக்கும் வரை ஓட வேண்டும். அந்த நடு ஓட்டக்காரரின் இடம் நம் தீர்க்கரேகை.

ஒரு பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. இந்தப் பக்கத்துக்கு மழை முக்கியமாக அக்டோபருக்கு மேல்தான் என்றாலும், மேகம் இருக்கும். நாங்களே அன்று ராத்திரி இரண்டு மணி நேரம் மேகத்துக்காகத் தேவுடு காத்தோம்.

இன்னொன்று, சற்று வெட்கத்தோடு. கோள்களைப் பார்க்க இருட்டான ஊருக்குப் போகவே வேண்டாம். மங்கலான நெபுலாக்களுக்குத்தான் இருட்டு தேவை. செவ்வாய் பிரகாசமானது, தி.நகர் மாடியே போதும். முக்கியம், தலைக்கு மேல் காற்று அலையாமல் இருப்பது. இதைத்தான் வானியலாளர்கள் 'சீயிங்' என்கிறார்கள். (மேலே காற்று எப்படிக் கொந்தளிக்கிறது என்று பெரிய ரேடார் வைத்து அளக்கும் தேசிய வளிமண்டல ஆய்வகம் இதே திருப்பதிப் பக்கம், காதங்கியில்தான் இருக்கிறது.) டீசல் செலவு போனது போனதுதான். சாப்பாடு நன்றாக இருந்தது.

படம் எப்படி உருவாகிறது?

மிக அருகில் வந்த அந்த நாட்களில்கூட செவ்வாய் எவ்வளவு சின்னது தெரியுமா? நிலாவின் அகலத்தை 75 துண்டாக வெட்டினால், அதில் ஒரு துண்டு. 8 அங்குலத் தொலைநோக்கியால், காற்று முழுக்க ஒத்துழைத்தாலும், அந்தத் துண்டை இன்னும் சுமார் 40 புள்ளிகளாகப் பிரிக்க முடியும். செவ்வாயின் விட்டம் சுமார் 6,800 கி.மீ. ஆகவே ஒரு புள்ளி 170 கி.மீ. பிச்சாட்டூரிலிருந்து புதுச்சேரிக்கு நேர்க்கோடு போட்டால் கிட்டத்தட்ட அவ்வளவு. அதைவிடச் சின்ன எதுவும் உங்களுக்குத் தெரியாது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

ஒரே க்ளிக்கில் படம் எடுத்தால் தண்ணீருக்கடியில் கிடக்கும் நாணயம் மாதிரி நெளியும். அதனால் வீடியோ எடுக்கிறார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் பல ஆயிரம் ஃபிரேம்கள். காற்று ஒரு கணம் அசையாமல் நின்ற ஃபிரேம்கள் அதில் கொஞ்சம் இருக்கும். ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மார்க் போட்டு, நல்லதை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். 1,600 ஃபிரேம் அடுக்கினால் இரைச்சல் நாற்பதில் ஒரு பங்காகக் குறையும். அது வர்க்கமூலக் கணக்கு. பிறகு ரெஜிஸ்டாக்ஸ் போன்ற இன்னொரு மென்பொருளில் கூர்மை ஏற்றுவார்கள். நீண்ட நேரம் எடுத்தால் கோள் சுழன்றுவிடும், அதைச் சரிசெய்ய வின்ஜூபோஸ். எல்லாமே காசில்லாமல் கிடைக்கும்.

புழுதியா, மேகமா என்று எப்படிப் பிரிப்பது? நிறத்தைப் பிரித்துத்தான். சிவப்பு வடிகட்டியில் பளிச்சென்றும் நீலத்தில் மங்கியும் தெரிந்தால் புழுதியாக இருக்க வாய்ப்பு. நீலத்தில் பளிச்சென்று தெரிந்தால் பனிப்படிக மேகம். அதுவும் போதாது. நேற்று வரை தெரிந்த சிர்ட்டிஸ் மேஜர் போன்ற கருந்திட்டு இன்று மறைந்திருக்க வேண்டும். அடுத்த நாள் அந்த மறைப்பு நகர்ந்திருக்க வேண்டும். அனுபவசாலிகள் ஒரே படத்தை வைத்து 'புயல்' என்று அறிவிக்க மாட்டார்கள்.

இங்கேதான் சிக்கலும் இருக்கிறது. கூர்மையை எவ்வளவு ஏற்றுவது என்று ஒரு ஸ்லைடரை நகர்த்தி முடிவு செய்வது ஒரு மனிதர். அதிகம் ஏற்றினால் கோளின் ஓரத்தில் பளிச்சென்று ஒரு வளையம் தானாக முளைக்கும். அது காலை நேரத்து மேகம் மாதிரியே இருக்கும். ஆனால் மேகம் இல்லை. நிறச் சமநிலையைக் கொஞ்சம் தள்ளினால் சாதாரண பாலைவனமும் புயல் நிறத்துக்கு வந்துவிடும். இப்போது ஏ.ஐ. கூர்மையாக்கிகள் வேறு. அவை தரவில் இல்லாததை, 'இருந்திருக்கும்' என்று தாமே வரைந்துவிடும். 8 அங்குலத் தொலைநோக்கியில் எடுத்ததாகச் சொல்லும் படத்தில் 20 கி.மீ. பள்ளம் தெளிவாகத் தெரிந்தால், 170 என்ற அந்த எண்ணை ஞாபகப்படுத்திக்கொண்டு ஃபார்வர்ட் பட்டனிலிருந்து கையை எடுங்கள்.

அதனால் ஒழுங்கான அமெச்சூர் ஒருவர் படத்தோடு சேர்த்து நேரம், கருவி, வடிகட்டி, காற்றின் நிலை எல்லாம் எழுதுவார். கேட்டால் மூல வீடியோவையும் தருவார். என் பார்வையில் படத்தைவிட அந்த நான்கு வரிகள்தான் அறிவியல். நான் வேலை செய்யும் தரவு இதழியலிலும் இதே விதிதான்: சார்ட் அழகாக இருக்கலாம், எக்செல் ஷீட்டைக் காட்டு.

மங்கள்யான் எடுத்த படம் என்ன ஆனது?

பிச்சாட்டூரிலிருந்து வடகிழக்கே நேர்க்கோட்டில் 60, 70 கி.மீ. போனால் ஸ்ரீஹரிகோட்டா. 2022-இல் மாவட்டங்களைப் பிரித்த பிறகு இரண்டும் ஒரே திருப்பதி மாவட்டம். 2013 நவம்பர் 5 பிற்பகல் 2.38-க்கு மங்கள்யான் கிளம்பியது அங்கிருந்துதான். 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயை அடைந்தது. ஐந்தே நாளில், செப்டம்பர் 29 அன்று, இஸ்ரோ ஒரு படத்தை வெளியிட்டது: 74,500 கி.மீ. உயரத்திலிருந்து முழு வட்டமாகச் செவ்வாய், அதன் வட பாதியில் ஒரு பிராந்தியப் புழுதிப் புயல்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 7,300 கி.மீ. உயரத்தில் அந்தக் கேமராவின் ஒரு பிக்சல் 376 மீட்டர் என்று இஸ்ரோ சொன்னது. அப்படியானால் 74,500 கி.மீ.யில் ஒரு பிக்சல் சுமார் 3.8 கி.மீ. நம் 170 கி.மீ.யோடு ஒப்பிடவே முடியாது. அதைவிட முக்கியம், பாதை. மற்ற பல கலங்கள் தரைக்கு அருகிலேயே சுற்றி, கோளைப் பட்டை பட்டையாகப் படமெடுத்துத் தைக்கின்றன. மங்கள்யானுடையது நீள்வட்டம். தொலைவுக்குப் போய் முழு முகத்தையும் ஒரே ஃபிரேமில் பார்க்கும். புயல் எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று பார்க்கத் தோதான இடம்.

ஆனால் அந்தப் படங்களின் மூலத் தரவு பொதுமக்களுக்கு வந்தது 2016 செப்டம்பரில்தான், அதுவும் முதலாம் ஆண்டுத் தரவு மட்டும், பதிவு செய்து உள்ளே போக வேண்டும். விஞ்ஞானிகளுக்கு முதல் உரிமை தருவது உலக வழக்கம், அதில் தவறில்லை. நாசாவின் ஜூனோவைப் பாருங்கள். வியாழனைச் சுற்றும் அந்தக் கலத்தின் கேமரா எடுக்கும் மூலப்படங்களை உடனுக்குடன் போட்டுவிடுகிறார்கள். உங்கள் ஃபோனில் வால்பேப்பராக இருக்கும் அந்த நீலச் சுழல் வியாழன் படம், கெவின் கில், ஜெரால்ட் ஐக்ஷ்டெட், ஷான் டோரன் போன்றவர்கள் ஓய்வு நேரத்தில் பதப்படுத்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தரவைத் திறந்துவிட்டால் நம் ஊர் ஆட்கள் பார்ப்பார்களா என்று கேட்டால், ஒரு பெயர் சொல்கிறேன்: சண்முக சுப்பிரமணியன். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் நிலவில் மோதியது. அந்த இடத்தின் படத்தை நாசா செப்டம்பர் 26 அன்று பொதுவில் வைத்தது. சென்னையில் வேலை பார்க்கும் மெக்கானிக்கல் எஞ்சினியரான அவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துத் தேடினார். முன்பு இல்லாத ஒரு பிரகாசமான புள்ளி கிடைத்தது. நாசாவுக்கு எழுதினார். டிசம்பர் 2 அன்று நாசா உறுதிசெய்து, கண்டுபிடித்தவர் என்று அவர் பெயரையே போட்டது. முக்கிய மோதல் இடத்திலிருந்து சுமார் 750 மீட்டர் தள்ளிக் கிடந்தது அந்தத் துண்டு. இந்தியக் கலத்தின் சிதிலத்தை, அமெரிக்கப் படத்தில், ஒரு தமிழர் கண்டுபிடித்தார். இதில் எந்தக் கண்ணி எளிதாகத் திறந்திருந்தது என்று நீங்களே பாருங்கள்.

மங்கள்யான் ஆறு மாதத்துக்குத் திட்டமிட்டு எட்டு ஆண்டு ஓடியது. 2022 ஏப்ரலில் தொடர்பு போனது. இனி மீட்க முடியாது என்று அக்டோபரில் இஸ்ரோ சொன்னது. எம்.ஆர்.ஓ. 2006 முதல் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதற்கும் வயதாகிறது.

நீங்க ஆரம்பிக்கணும்னா?

2027 பிப்ரவரி 19 அன்று செவ்வாய் மறுபடி சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. அளவில் 2018-இல் பார்த்ததில் பாதிக்கும் சற்று அதிகம், அவ்வளவுதான். அது செவ்வாயில் தூசி குறைந்த பருவமும்கூட. ஆனால் நம் தலைக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே நிற்கும், பிப்ரவரியில் வானமும் தெளிவாக இருக்கும். பழகிக்கொள்ள இதைவிட நல்ல சமயம் இல்லை. உண்மையான பரீட்சை 2033 ஜூனிலும் 2035 செப்டம்பரிலும். இரண்டுமே தூசிப் பருவத்தில் வருகின்றன, இரண்டிலும் செவ்வாய் பெரிதாகத் தெரியும்.

கோள்களுக்கான கேமராக்கள் நடுத்தர ஸ்மார்ட்ஃபோன் விலையிலேயே தொடங்குகின்றன. தொலைநோக்கி அதைவிட அதிகம். முதலில் வாங்காதீர்கள், உங்கள் ஊர் வானியல் சங்கத்தில் யாரிடமாவது இருக்கும். தொலைநோக்கியே இல்லாமலும் தொடங்கலாம். இஸ்ரோவின் தரவகத்தில் பதிவு செய்து மங்கள்யான் ஃபிரேம் ஒன்றை இறக்கி, நிறத்தைச் சரிசெய்து பாருங்கள். இந்த மாதிரி சென்சாரில் பச்சைப் புள்ளிகள் இரு மடங்கு இருப்பதால் மூலப்படம் முதலில் பச்சையாகச் சாய்ந்திருக்கும், பயப்பட வேண்டாம்.

மாடியில் படம் எடுத்தால் பிரிட்டிஷ் வானியல் சங்கத்தின் செவ்வாய்ப் பிரிவும், அமெரிக்காவின் ஆல்போ அமைப்பும், ஜப்பானில் உள்ள அதே பெயருடைய அமைப்பும் வாங்கிக்கொள்கின்றன. நேரத்தை இந்திய நேரத்தில் எழுதாதீர்கள். ஐந்தரை மணி நேரம் கழித்து, உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள். இதைத் தவறாகப் போட்டால் செவ்வாய் 80 டிகிரி திரும்பியிருக்கும், உங்கள் புயல் வேறு ஊரில் போய் நிற்கும்.